கேள்வி கேட்கும் கட்டளைகளை ஸ்கிரிப்ட்டில் ஓட்டுவது: ஹியர்-டாக்கா, எக்ஸ்பெக்ட்டா, பைத்தானா?

ஒரு சர்வரில் உட்கார்ந்து 'ஒய்' தட்டி, பாஸ்வேர்ட் கொடுத்து, மறுபடி 'ஒய்' தட்டி முடித்துவிடலாம். அதே வேலையை நாற்பது சர்வரில் செய்ய வேண்டும், அல்லது ராத்திரி 2 மணிக்கு க்ரான் (குறித்த நேரத்தில் கட்டளையைத் தானே ஓட்டும் லினக்ஸ் வசதி) செய்ய வேண்டும் என்று வரும்போதுதான் சிக்கல். கேள்வி கேட்கும் புரோகிராமுக்கு யார் பதில் சொல்வது? வாசகர்கள் பலர் நின்றுவிடும் இடம் இதுதான். எக்ஸ்பெக்ட் (கேள்வியைப் பார்த்துப் பதில் அனுப்பும் கருவி) கற்றுக்கொள்வதா, தெரிந்த பைத்தானிலேயே முடிப்பதா, இரண்டு வரி ஹியர்-டாக் (பதில்களை ஸ்கிரிப்ட்டுக்குள்ளேயே வரிவரியாக எழுதி இன்புட்டாகக் கொடுப்பது) போதுமா, அல்லது எல்லாவற்றையும் அன்சிபிளிடம் (பல சர்வர்களை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் கருவி) விட்டுவிடலாமா?

நான்குமே வேலை செய்யும். முதல் நாள் எல்லாமே நன்றாகத்தான் ஓடும். ஆறு மாதம் கழித்து ஒரு அப்டேட் வந்து, புரோகிராம் புதிதாக ஒரு கேள்வி கேட்கும் நாளில்தான் எது நல்ல தேர்வு என்பது தெரியும். இந்த ஒப்பீடு முழுவதும் அந்த நாளை மனதில் வைத்தே எழுதப்பட்டது.

## முதலில் அளவுகோல்கள்

பதிலை எங்கிருந்து படிக்கிறது? மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது இது. சில புரோகிராம்கள் ஸ்டாண்டர்ட் இன்புட்டிலிருந்து படிக்கும். அவற்றுக்குப் பைப் (ஒரு கட்டளையின் வெளியீட்டை இன்னொன்றுக்கு இன்புட்டாகக் கொடுப்பது) போதும். எஸ்எஸ்எச் போன்றவை பாஸ்வேர்ட் கேட்கும்போது ஸ்டாண்டர்ட் இன்புட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராக /டெவ்/டிடிஒய் என்ற, டெர்மினலையே குறிக்கும் கோப்பைத் திறந்து படிக்கும். பைப்பில் எதை அனுப்பினாலும் அவற்றுக்குக் கேட்காது. சோதிப்பது எளிது: பதிலை எக்கோ செய்து பைப்பில் கொடுங்கள். அப்படியும் கீபோர்டுக்காகக் காத்து நின்றால் அது டிடிஒய் ஆசாமி. சந்தேகம் தீரவில்லை என்றால் எஸ்ட்ரேஸில் (புரோகிராம் சிஸ்டத்திடம் கேட்பதையெல்லாம் காட்டும் கருவி) ஓட்டி, எந்தக் கோப்பைத் திறக்கிறது என்று பார்த்துவிடலாம்.

எதிர்பாராத கேள்வி வந்தால் என்ன ஆகும்? நின்றுவிடுமா, பிழை சொல்லி வெளியேறுமா, தப்பான பதிலைக் கொடுத்துவிட்டு வெற்றி என்று அறிவிக்குமா? எங்கள் கணக்கில் பாதி மதிப்பெண் இந்த ஒரு அளவுகோலுக்குத்தான்.

பாஸ்வேர்ட் யார் கண்ணில் படும்? கட்டளை வரியில் எழுதினால் 'பிஎஸ்' (ஓடும் புரோகிராம்களைப் பட்டியலிடும் கட்டளை) ஓட்டும் எல்லோருக்கும் தெரியும். என்விரான்மென்ட் வேரியபிளில் வைத்தால் அதே பயனருக்கும் ரூட்டுக்கும் தெரியும். இவை தவிர லாக், ஷெல் ஹிஸ்டரி, கிட் ரெபோ.

எதை, எந்த மெஷினில் நிறுவ வேண்டும்? உங்கள் மெஷினில் மட்டுமா, எல்லா சர்வரிலுமா?

நாளை இதை யார் திறந்து திருத்துவார்கள்? குழுவில் எக்ஸ்பெக்ட் எழுதப்படும் டிசிஎல் மொழி தெரிந்தவர் ஒருவர் மட்டும் என்றால், அவர் விடுப்பில் இருக்கும் நாளிலும் சர்வர் ஓட வேண்டும்.

| வழி | டிடிஒய் கேள்விக்குப் பதில் | கேள்வி மாறினால் | நிறுவ வேண்டியது | ரகசியம் |
|---|---|---|---|---|
| கேட்காமல் ஓடும் ஆப்ஷன் | கேள்வியே இல்லை | பெரும்பாலும் பிழை சொல்லி நிற்கும் | எதுவுமில்லை | கோப்பில் வைக்கலாம் |
| பைப், ஹியர்-டாக் | முடியாது | பதில்கள் இடம் மாறும், சத்தமே வராது | எதுவுமில்லை | ஸ்கிரிப்ட்டிலேயே கிடக்கும் |
| எக்ஸ்பெக்ட் | முடியும் | நீங்கள் எழுதியதைப் பொறுத்தது | எக்ஸ்பெக்ட், டிசிஎல் | வெளியிலிருந்து வாங்கலாம் |
| பெக்ஸ்பெக்ட் (எக்ஸ்பெக்ட் வேலையைச் செய்யும் பைத்தான் நூலகம்) | முடியும் | எக்செப்ஷன் எழும்பி நிற்கும் | பைத்தான், பெக்ஸ்பெக்ட் | வெளியிலிருந்து வாங்கலாம் |
| அன்சிபிள் எக்ஸ்பெக்ட் மாட்யூல் | முடியும் | டைம்அவுட்டில் டாஸ்க் தோற்கும் | ஒவ்வொரு சர்வரிலும் பெக்ஸ்பெக்ட் | அன்சிபிளின் வால்ட்டில் (மறையாக்கிய கோப்பு) வைக்கலாம் |

## வழி 1: கேள்வியே கேட்கவிடாமல் செய்வது

எக்ஸ்பெக்ட் பற்றிக் கேட்டு வரும் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு உண்மையான விடை இதுதான்: அந்தப் புரோகிராமின் மேனுவல் பக்கத்தில் 'பேட்ச்', 'நான்-இன்டராக்டிவ்', 'ஃபோர்ஸ்', 'ஸ்டாண்டர்ட் இன்புட்' ஆகிய சொற்களைத் தேடிப் பாருங்கள். எழுதியவரே ஒரு வழி வைத்திருப்பார்.

பாஸ்வேர்ட் மாற்ற 'பாஸ்டபிள்யூடி'யோடு மல்லுக்கட்ட வேண்டாம். 'சிஎச்பாஸ்டபிள்யூடி' இருக்கிறது. பயனர் பெயர், முக்காற்புள்ளி, பாஸ்வேர்ட் என்று ஒரு வரிக்கு ஒருவராக ஸ்டாண்டர்ட் இன்புட்டில் கொடுத்தால் போதும். 'எஃப்டிஸ்க்'குக்குப் பதில் 'எஸ்எஃப்டிஸ்க்', அல்லது 'பார்ட்டட்' மைனஸ் எஸ். சான்றிதழ் விண்ணப்பம் உருவாக்கும்போது ஓப்பன்எஸ்எஸ்எல் நாடு, மாநிலம், ஊர் என்று ஒவ்வொன்றாகக் கேட்பதைச் 'சப்ஜ்' ஆப்ஷனில் ஒரே வரியாகக் கொடுத்துவிடலாம். ஈஸி-ஆர்எஸ்ஏவுக்கு 'பேட்ச்' ஆப்ஷன் உண்டு. ஜிபிஜி 2.1க்குப் பிறகு 'பேட்ச்'சோடு 'பின்என்ட்ரி-மோட்' ஆப்ஷனை 'லூப்பேக்' என்று வைத்தால் பாஸ்ஃப்ரேஸைக் கோப்பு டிஸ்கிரிப்டர் வழியாக வாங்கிக்கொள்ளும்.

எஸ்எஸ்எச்சில் இரண்டு கேள்விகள் வரும். பாஸ்வேர்டுக்குச் சாவி ஜோடி வைத்துவிடுங்கள். அதற்கு மேல் யோசிக்க எதுவும் இல்லை. 'இந்த ஹோஸ்ட்டை நம்பலாமா' என்ற கேள்விக்குப் பலரும் ஸ்ட்ரிக்ட்-ஹோஸ்ட்-கீ-செக்கிங்கை 'நோ' என்று வைத்துவிடுகிறார்கள். அப்படி வைத்தால், முன்பு தெரிந்த சர்வரின் சாவி மாறியிருந்தால்கூட எஸ்எஸ்எச் உங்களைத் தடுக்காது. ஓப்பன்எஸ்எஸ்எச் 7.6 முதல் 'அக்செப்ட்-நியூ' என்ற மதிப்பு இருக்கிறது: புதிய ஹோஸ்ட்டை ஏற்கும், மாறிய சாவியை மறுக்கும். கூடவே 'பேட்ச்மோட்'டை 'யெஸ்' என்று வைத்தால், பாஸ்வேர்ட் கேட்க வேண்டிய நிலை வந்தால் தொங்கிக்கொண்டிருக்காமல் உடனே தோற்றுத் திரும்பும். க்ரானுக்கு அதுதான் வேண்டும்.

இந்த வழிக்கு மறைமுகச் செலவே இல்லை என்று நினைக்க வேண்டாம். டெபியன், உபுண்டு பேக்கேஜ் அப்கிரேடை எடுத்துக்கொள்வோம். மைனஸ் ஒய் போட்டால் எல்லாம் முடிந்தது என்பது பொதுவான நம்பிக்கை. அங்கே கேள்வி கேட்பவர்கள் நான்கு பேர்:

- ஏப்ட்-கெட்: 'தொடரலாமா' என்ற கேள்வி. மைனஸ் ஒய் இதை மட்டும்தான் தீர்க்கும்.
- டெப்கான்ஃப்: நீல நிறத் திரையில் வரும் கேள்விகள். டெபியன்_ஃப்ரண்ட்எண்ட் வேரியபிளை 'நான்இன்டராக்டிவ்' என்று வைக்க வேண்டும். இயல்பான பதில் போதாது என்றால், டெப்கான்ஃப்-செட்-செலக்ஷன்ஸ் மூலம் பதில்களை முன்கூட்டியே ஏற்றலாம்.
- டிபிகேஜி: 'கான்ஃபிக் கோப்பை நீங்கள் மாற்றியிருக்கிறீர்கள், பழையதா புதியதா' என்று கேட்பது இதுதான். மேலே சொன்ன வேரியபிளுக்கு இது கட்டுப்படாது. ஃபோர்ஸ்-கான்ஃப்டெஃப், ஃபோர்ஸ்-கான்ஃப்ஓல்ட் இரண்டையும் டிபிகேஜி ஆப்ஷனாகத் தனியே அனுப்ப வேண்டும். முதலாவது, இயல்பான முடிவு இருந்தால் அதை எடுக்கும். இல்லாத இடத்தில் இரண்டாவது உங்கள் பழைய கோப்பைக் காப்பாற்றும்.
- நீட்ரீஸ்டார்ட்: உபுண்டு 22.04இல், எந்தச் சர்வீஸ்களை ரீஸ்டார்ட் செய்வது என்று திரையை மறித்துக்கொண்டு கேட்கும். நீட்ரீஸ்டார்ட்_மோட் என்பதை 'ஏ' என்று வைத்தால் கேட்காமல் தானே செய்யும்.

இதிலும் ஒரு பொறி இருக்கிறது. வேரியபிளைச் சுடோவுக்கு முன்னால் எழுதினால், சுடோ என்விரான்மென்ட்டைத் துடைத்துவிட்டுத்தான் கட்டளையை ஓட்டும். வேரியபிள் ஏப்ட்-கெட்டுக்குப் போய்ச் சேரவே சேராது. சுடோவுக்குப் பின்னால், ஏப்ட்-கெட்டுக்கு முன்னால் எழுத வேண்டும்.

## வழி 2: பைப், யெஸ், ஹியர்-டாக்

ஸ்டாண்டர்ட் இன்புட்டிலிருந்து படிக்கும் புரோகிராமுக்கு மட்டும். எதையும் நிறுவ வேண்டாம், யாருக்கும் புரியும். 'யெஸ்' கட்டளையைப் பைப்பில் கொடுத்தால் முடிவில்லாமல் 'ஒய்' வந்துகொண்டே இருக்கும். ஒரே மாதிரியான 'ஆமா இல்லையா' கேள்விகளுக்கு அது போதும். பேஷில் பைப்ஃபெயில் (பைப்பில் ஒரு கட்டளை தோற்றாலும் முழுவதும் தோற்றதாகக் கொள்ளும் ஆப்ஷன்) போட்டிருந்தால், வேலை நல்லபடியாக முடிந்தாலும் பைப்லைன் 141 என்ற எக்ஸிட் கோடோடு திரும்பும். எதிர்முனை மூடியதால் 'யெஸ்' சிக்பைப் என்ற சிக்னலை வாங்கிச் சாவதன் விளைவு அது. ஸ்கிரிப்ட் ஏன் தோற்றது என்று அரை மணி நேரம் தேட வைக்கும்.

உண்மையான ஆபத்து ஹியர்-டாக்கில் இருக்கிறது. அது கேள்விகளைப் படிப்பதில்லை, பதில்களை வரிசையாகக் கொட்டிவிடுகிறது, அவ்வளவுதான். மரியாடிபியின் செக்யூர்-இன்ஸ்டலேஷன் ஸ்கிரிப்ட் இதற்குக் கச்சிதமான எடுத்துக்காட்டு. அது ஒரு ஷெல் ஸ்கிரிப்ட், ஸ்டாண்டர்ட் இன்புட்டிலிருந்தே படிக்கும். எனவே ஹியர்-டாக் வேலை செய்யும். பழைய பதிப்புக்கு எட்டு பதில்கள்: நடப்பு பாஸ்வேர்டுக்கு வெற்று என்டர், 'ரூட் பாஸ்வேர்ட் வைக்கவா' என்பதற்கு ஒய், புதிய பாஸ்வேர்ட், மறுபடி அதே பாஸ்வேர்ட், பிறகு நான்கு ஒய்.

மரியாடிபி 10.4இல், நடப்பு பாஸ்வேர்டுக்கு அடுத்தபடியாக 'யூனிக்ஸ் சாக்கெட் முறைக்கு மாறவா' என்று ஒரு கேள்வி நுழைந்தது. அதே எட்டு பதில்களை இப்போது கையால் ஓட்டிப் பாருங்கள். முதல் ஒய் சாக்கெட் கேள்விக்குப் போய்விடும். 'ரூட் பாஸ்வேர்டை மாற்றவா' என்ற கேள்விக்கு உங்கள் பாஸ்வேர்ட் பதிலாகப் போகும். அங்கிருந்து எல்லாம் நழுவி, 'புதிய பாஸ்வேர்ட்', 'மறுபடி உள்ளிடுக' இரண்டுக்கும் கடைசியில் அடுத்தடுத்த இரண்டு ஒய் போய் விழும். இரண்டும் ஒன்றுபோல இருப்பதால் ஏற்றுக்கொள்ளும். உங்கள் டேட்டாபேஸின் ரூட் பாஸ்வேர்ட் இப்போது 'ஒய்' என்ற ஒற்றை எழுத்து. மிச்சக் கேள்விகளுக்கு இன்புட் தீர்ந்துபோனதால் வெற்றுப் பதிலை எடுத்துக்கொண்டு, நன்றி சொல்லி விடைபெறும். எக்ஸிட் கோட் பூஜ்யம், அதாவது வெற்றி.

எஃப்டிஸ்க்கை ஹியர்-டாக்கில் ஓட்டுபவர்களுக்கும் இதே கதைதான். புதிய டிஸ்க்கில் ஒழுங்காக ஓடும். ஏற்கெனவே ஃபைல்சிஸ்டம் இருந்த டிஸ்க்கில் 'பழைய சிக்னேச்சரை நீக்கவா' என்று நடுவில் ஒரு கேள்வி வந்து, உங்கள் அடுத்த பதிலைத் தின்றுவிடும்.

ஒரே ஒரு கேள்வி, அல்லது எல்லாக் கேள்விக்கும் ஒரே பதில் என்றால் பைப் நல்ல தேர்வு. வெவ்வேறு பதில்கள் வரிசையாகப் போக வேண்டும் என்றால், பதிப்பு மாறாத கன்டெய்னர் இமேஜுக்குள் தவிர வேறு எங்கும் வேண்டாம்.

(அந்த மரியாடிபி வேலையை எப்படித்தான் செய்வது என்றால், ஸ்கிரிப்ட்டையே விட்டுவிட்டு அது செய்யும் மூன்று நான்கு எஸ்க்யூஎல் வரிகளை நேரடியாக ஓட்டலாம்: பெயரில்லாப் பயனர்களை நீக்குதல், வெளியிலிருந்து ரூட் நுழைவதை நீக்குதல், டெஸ்ட் டேட்டாபேஸை அழித்தல், பிரிவிலேஜ்களைப் புதுப்பித்தல். 10.4 முதல் யூசர் டேபிள் வெறும் வியூவாகிவிட்டது. அதிலிருந்து டெலீட் செய்யும் பழைய வரிகள் ஓடாது; டிராப் யூசர் பயன்படுத்துங்கள்.)

## வழி 3: எக்ஸ்பெக்ட்

அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனத்தில் டான் லீபிஸ் உருவாக்கி 1990இல் வெளியிட்டது, டிசிஎல் மொழியின் மேல் கட்டியது. இன்றும் ஏறக்குறைய எல்லா லினக்ஸ் விநியோகத்திலும் ஒரு பேக்கேஜாகக் கிடைக்கிறது. ஒரு போலி டெர்மினலைத் திறந்து புரோகிராமை அதற்குள் ஓட்டுவதுதான் அடிப்படை உத்தி. புரோகிராமைப் பொறுத்தவரை எதிரே ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார். டிடிஒய் கேள்விகளுக்கும் பதில் போய்ச் சேர்வது அதனால்தான். க்ரானில் டெர்மினல் கிடையாது என்றாலும், தனக்கு வேண்டியதைத் தானே உருவாக்கிக்கொள்ளும் என்பதால் அங்கேயும் ஓடும்.

மூன்று கட்டளைகள் தெரிந்தால் முக்கால்வாசி முடிந்தது: ஸ்பான் புரோகிராமைத் தொடங்கும், எக்ஸ்பெக்ட் கேள்விக்காகக் காத்திருக்கும், சென்ட் பதிலை அனுப்பும். வரும் கேள்விகளின் வரிசை மாறக்கூடும் என்றால், எல்லாக் கேள்விகளையும் ஒரே எக்ஸ்பெக்ட் தொகுதியில் கிளைகளாக எழுதி, ஒவ்வொரு கிளையின் முடிவிலும் எக்ஸ்ப்_கன்டின்யூ போடலாம். எது வந்தாலும் அதற்குரிய பதில் போகும், வராத கேள்வியைப் பற்றிக் கவலை இல்லை. ஹியர்-டாக்கால் கனவிலும் முடியாத காரியம் இது.

ஆனால் எக்ஸ்பெக்ட்டின் இயல்பான நடத்தை சிலவற்றைத் தெரியாமல் ரூட்டாக ஓட்டக் கூடாது.

முதலாவது டைம்அவுட். இயல்பான காத்திருப்பு 10 விநாடி. அதற்குள் கேள்வி வராவிட்டால் எக்ஸ்பெக்ட் பிழை சொல்லாது. அடுத்த வரிக்குப் போய்விடும். அடுத்த வரி பெரும்பாலும் சென்ட். அதாவது பாஸ்வேர்ட் கேள்வி வராமலேயே பாஸ்வேர்ட் அனுப்பப்படும். எதிரே ஷெல் பிராம்ப்ட் இருந்தால் அது ஒரு கட்டளையாக ஓடப் பார்க்கும், ஹிஸ்டரியிலும் பதியும். ஒவ்வொரு ஸ்கிரிப்ட்டின் தொடக்கத்திலும் எக்ஸ்பெக்ட்_பிஃபோர் தொகுதியில் டைம்அவுட் வந்தால் பூஜ்யமல்லாத எக்ஸிட் கோடோடு வெளியேறும்படி எழுதிவிடுங்கள். இது இல்லாத எக்ஸ்பெக்ட் ஸ்கிரிப்ட்டை ரிவ்யூவில் ஏற்க வேண்டாம் என்பது எங்கள் கட்சி.

இரண்டாவது, கடைசி வரி. பலரும் 'எக்ஸ்பெக்ட் இஓஎஃப்' (புரோகிராம் முடியும்வரை காத்திரு) என்று எழுதி முடிப்பார்கள். அதுவும் அதே 10 விநாடிக்குக் கட்டுப்பட்டது. பேக்கேஜ் நிறுவலோ டேட்டாபேஸ் மைக்ரேஷனோ மூன்று நிமிடம் ஓட வேண்டியிருந்தால், பத்தாவது விநாடியில் ஸ்கிரிப்ட் முடிந்துவிடும். போலி டெர்மினல் மூடும், உள்ளே ஓடும் புரோகிராமுக்குச் சிக்ஹப் (டெர்மினல் போய்விட்டது என்ற சிக்னல்) போகும், வேலை பாதியில் சாகும். கையால் ஓட்டினால் வருகிறது, ஸ்கிரிப்ட்டில் அரைகுறையாக நிற்கிறது என்ற புகாரின் காரணம் அநேகமாக இதுதான். நீண்ட வேலைக்கு முன் டைம்அவுட்டை மைனஸ் 1 என்று வையுங்கள். அப்போது எல்லையின்றிக் காத்திருக்கும். அல்லது அந்த வேலைக்குப் பொருத்தமான உச்ச வரம்பைக் கொடுங்கள்.

மூன்றாவது, எக்ஸிட் கோட். உள்ளே ஓடிய புரோகிராம் தோற்றாலும் எக்ஸ்பெக்ட் ஸ்கிரிப்ட் தன்பாட்டுக்குப் பூஜ்யம் திருப்பும். இஓஎஃப் வந்தபின் வெயிட் கட்டளையை ஓட்டினால் நான்கு உறுப்புள்ள ஒரு பட்டியல் வரும். நான்காவது உறுப்பே உண்மையான எக்ஸிட் கோட். அதை எடுத்து உங்கள் ஸ்கிரிப்ட்டின் எக்ஸிட் கோடாகத் திருப்ப வேண்டும்.

நான்காவது, டிசிஎல் மேற்கோள் விதிகள். இரட்டை மேற்கோளுக்குள் சதுர அடைப்பு வந்தால் டிசிஎல் அதை ஒரு கட்டளை என்று எடுத்துக்கொள்ளும். கேள்வியின் முடிவில் சதுர அடைப்புக்குள் 'ஒய்/என்' இருந்தால், அப்படி ஒரு கட்டளை இல்லை என்று பிழை வரும். நெளிவு அடைப்புக்குள் போட்டால் அது தீரும். ஆனால் இயல்பான பேட்டர்ன் முறை குளோப் (ஷெல்லில் கோப்புப் பெயர்களைப் பொருத்தும் அதே பாணி) என்பதால், சதுர அடைப்பு 'இவற்றில் ஏதோ ஒரு எழுத்து' என்று பொருள்படும். நெளிவு அடைப்போடு மைனஸ் இஎக்ஸ் ஆப்ஷனும் சேர்த்தால்தான் எழுத்துக்கு எழுத்து அப்படியே பொருத்தும். அனுப்பும்போது வரி முடிவாக நியூலைன் வேண்டாம், கேரேஜ் ரிட்டர்ன் அனுப்புங்கள். கீபோர்டில் என்டர் தட்டினால் போவது அதுதான். பாஸ்வேர்ட் மைனஸ் குறியில் தொடங்கக்கூடும் என்றால் சென்ட்டுக்குப் பின் இரட்டை மைனஸ் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆட்டோஎக்ஸ்பெக்ட் என்று ஒன்று கூடவே வரும். நீங்கள் கையால் செய்வதைப் பதிவுசெய்து ஸ்கிரிப்ட்டாகக் கொடுக்கும். வரைவுக்கு மட்டும் நல்லது. திரையில் வந்த தேதி, ஹோஸ்ட் பெயர் எல்லாவற்றையும் அப்படியே எதிர்பார்க்கும்படி எழுதிவைக்கும், நீங்கள் தட்டிய பாஸ்வேர்டையும் அப்படியே எழுதும். மைனஸ் பி கொடுத்தால் பிராம்ப்ட்டை மட்டும் பார்க்கும். அது ஓரளவு தேவலாம்.

எக்ஸ்பெக்ட் எப்போது சரி? பைத்தான் இல்லாத அல்லது நிறுவ அனுமதியில்லாத மெஷின், ஷெல் ஸ்கிரிப்ட்டுக்கு நடுவே சின்னதாக ஒரு உரையாடல், உள்நுழைந்தபின் கட்டுப்பாட்டை மனிதரிடம் ஒப்படைக்க வேண்டிய இடம். கடைசியாகச் சொன்னதற்கு இன்டராக்ட் கட்டளையைவிட எளிய வழி எங்கும் இல்லை.

## வழி 4: பைத்தானும் பெக்ஸ்பெக்ட்டும்

அதே உத்தி, பைத்தான் மொழியில். எங்கள் அளவுகோலில் எக்ஸ்பெக்ட்டை முந்துவது ஒரே ஒரு காரணத்தால்: கேள்வி வராவிட்டால் டைம்அவுட் எக்செப்ஷன் எழும்பும், புரோகிராம் பாதியில் முடிந்தால் இஓஎஃப் எக்செப்ஷன் எழும்பும். நீங்கள் எதுவும் எழுதாமல் விட்டாலும் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடும். தப்பான இடத்துக்குப் பாஸ்வேர்ட் போகாது. சோம்பேறித்தனமாக எழுதினாலும் பாதுகாப்பாகத் தோற்கும் கருவி என்பது சிஸ்டம் அட்மின் வேலையில் சின்ன விஷயமல்ல.

இயல்பான டைம்அவுட் 30 விநாடி. ஒவ்வொரு முறை அனுப்புவதற்கு முன்னும் 50 மில்லிவிநாடி நிற்கும். தேவையில்லாத தாமதம் என்று அதை நீக்கிவிடாதீர்கள். பல புரோகிராம்கள் 'பாஸ்வேர்ட்' என்று அச்சிட்டபின்தான் எக்கோவை அணைக்கும். அந்த இடைவெளிக்குள் அனுப்பினால் பாஸ்வேர்ட் திரையிலும் லாக்கிலும் பதியும், அல்லது எக்கோவை அணைக்கும்போது அதுவரை வந்த இன்புட் துடைக்கப்பட்டுத் தொலைந்துபோகும். 'பத்தில் ஒரு முறை தோற்கிறது' வகைப் பிழைகளின் வேர் இதுதான். எக்ஸ்பெக்ட்டிலும் இதே சிக்கல் உண்டு. அங்கே அந்த 50 மில்லிவிநாடியை நீங்களே ஸ்லீப்பாக எழுத வேண்டும்.

ரெகுலர் எக்ஸ்பிரஷன் பழக்கம் இங்கே காலை வாரும். பெக்ஸ்பெக்ட் வரும் எழுத்துகளை வரவரப் பொருத்திப் பார்ப்பதால், பேட்டர்னின் முடிவில் 'புள்ளி நட்சத்திரம்' போட்டால் ஒன்றுமே பிடிக்காமல் திரும்பலாம். டாலர் குறி வரி முடிவைக் காட்டாது. டெர்மினலில் வரி முடிவு கேரேஜ் ரிட்டர்னும் நியூலைனும் சேர்ந்தது. அதையே வெளிப்படையாக எழுதுங்கள். என்கோடிங்கை யுடிஎஃப்-8 என்று கொடுக்க மறந்தால் பைட்ஸாகக் கிடைத்து, ஸ்ட்ரிங்கோடு ஒப்பிடும் இடத்தில் பிழை வரும். லாக் எடுக்க லாக்ஃபைல்_ரீட் பயன்படுத்துங்கள். வெறும் லாக்ஃபைல் நீங்கள் அனுப்பும் பாஸ்வேர்டையும் சேர்த்து எழுதிவைக்கும். எக்ஸிட் கோட், குளோஸ் செய்தபின்தான் நம்பத்தகுந்தது.

மறைமுகச் செலவு பேக்கேஜ் பராமரிப்பு. பிப்பில் நிறுவி, பைத்தான் பதிப்பு உயரும் நாளில் வர்ச்சுவல் என்விரான்மென்ட் உடைவதைவிட, விநியோகத்தின் சொந்தப் பைத்தான்3-பெக்ஸ்பெக்ட் பேக்கேஜே நிம்மதி. அது நம்பியிருக்கும் யூனிக்ஸ் பாணிப் போலி டெர்மினல் விண்டோஸில் கிடையாது என்பதால் அங்கே பாதி வசதிதான்.

பதிலைப் பொறுத்து அடுத்த முடிவு எடுக்க வேண்டும், வெளியீட்டைப் பிரித்து எங்காவது சேமிக்க வேண்டும், பல சர்வரில் ஒரே நேரத்தில் ஓட்ட வேண்டும் என்றால் இதுதான்.

## வழி 5: அன்சிபிள் எக்ஸ்பெக்ட் மாட்யூல்

ஏற்கெனவே அன்சிபிள் இருந்தால் மட்டும் யோசிக்கலாம். உள்ளே ஓடுவது பெக்ஸ்பெக்ட்தான். கேள்விப் பேட்டர்னும் பதிலும் ஜோடி ஜோடியாக எழுதினால் போதும். ஒரே கேள்வி பல முறை வந்தால் பதில்களைப் பட்டியலாகக் கொடுக்கலாம்.

கவனிக்க வேண்டியவை மூன்று. பெக்ஸ்பெக்ட் உங்கள் மெஷினில் அல்ல, ஒவ்வொரு சர்வரிலும் இருக்க வேண்டும். கட்டளை ஷெல் வழியாக ஓடாது, எனவே பைப், ரீடைரக்ஷன் எல்லாம் வேண்டுமென்றால் பேஷை நீங்களே அழைக்க வேண்டும். பிளேபுக் ஓடும் ஒவ்வொரு முறையும் கட்டளையும் ஓடும். ஒருமுறை மட்டும் போதும் என்றால் கிரியேட்ஸ் ஆப்ஷனில் ஒரு கோப்பின் பெயரைக் கொடுங்கள். பாஸ்வேர்ட் இருந்தால் நோ_லாக் மறக்கக் கூடாது.

## எஸ்எஸ்எச்பாஸ் பற்றி ஒரு வார்த்தை

சாவி வைக்கவே முடியாத பழைய சாதனத்துக்கு மட்டும். மைனஸ் பி வேண்டாம். மைனஸ் எஃப் கொடுத்து 600 பர்மிஷன் உள்ள கோப்பிலிருந்து படிக்க வையுங்கள். பாஸ்வேர்ட் தவறென்றால் எக்ஸிட் கோட் 5, ஹோஸ்ட் சாவி தெரியாததென்றால் 6. இந்த இரண்டையும் ஸ்கிரிப்ட்டில் பிரித்துப் பாருங்கள். இரண்டுக்கும் தீர்வு வேறு.

## நெட்வொர்க் சாதனங்கள் தனி உலகம்

சிஸ்கோ ரவுட்டர், ஸ்விட்ச் போன்றவற்றுக்கு எக்ஸ்பெக்ட் எழுதும் பழக்கம் பழையது. கான்ஃபிக் பேக்கப் எடுக்கும் ரான்சிட் இன்றும் எக்ஸ்பெக்ட் ஸ்கிரிப்ட்டுகளால்தான் உள்நுழைகிறது. ஆனால் புதிதாகத் தொடங்குபவர் பைத்தானின் நெட்மிக்கோவை எடுப்பது நல்லது. பக்கத்துக்குப் பக்கம் 'மோர்' என்று நிறுத்துவது, பிராம்ப்ட்டைக் கண்டுபிடிப்பது, எனேபிள் பாஸ்வேர்ட் ஆகிய தலைவலிகள் அதற்குள் ஏற்கெனவே தீர்க்கப்பட்டிருக்கின்றன. நீங்களே எழுதுவதென்றால், உள்நுழைந்ததும் முதல் கட்டளையாகத் 'டெர்மினல் லெங்த் 0' அனுப்புங்கள். ரன்னிங் கான்ஃபிக்கை ஸ்டார்ட்அப்புக்குக் காப்பி செய்யும்போது கோப்பின் பெயர் கேட்கும். 'ரைட் மெமரி' கேட்காது.

## எந்த வழியானாலும் இவற்றைச் செய்துவிடுங்கள்

எல்சி_ஆல் வேரியபிளைச் 'சி' என்று வையுங்கள். இல்லையென்றால் சர்வரின் மொழி அமைப்புக்கேற்பக் கேள்வி ஜெர்மனிலோ பிரெஞ்சிலோ வரும், பேட்டர்ன் பொருந்தாது. டெர்ம் வேரியபிளை 'டம்' (dumb) என்று வைத்தால் நிறக் குறியீடுகள் குறையும்.

ரீட்லைன் 8.1, பேஷ் 5.1 முதல் பிராக்கெட்டட் பேஸ்ட் (ஒட்டிய உரையைத் தட்டிய உரையிலிருந்து பிரித்தறியும் வசதி) இயல்பாகவே இயங்குகிறது. ஒவ்வொரு ஷெல் பிராம்ப்ட்டுக்கும் முன்னால் கண்ணுக்குத் தெரியாத எஸ்கேப் எழுத்துகள் வரும். பிராம்ப்ட் வரியின் தொடக்கத்தில் வரும் என்று நம்பி எழுதிய பழைய ஸ்கிரிப்ட்டுகள் புதிய விநியோகத்தில் திடீரென்று நிற்பதற்கு இது காரணமாக இருக்கலாம். ஷெல்லுக்குள் நுழைந்ததும் அதை அணைத்துவிட்டு, பிராம்ப்ட்டை உங்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு தனித்த சொல்லாக மாற்றுங்கள். பிறகு அந்தச் சொல்லை மட்டும் எதிர்பார்த்தால் போதும்.

கேள்வி முழுவதையும் பேட்டர்னாக எழுத வேண்டாம். முதல் எழுத்து பெரியதா சிறியதா என்பதுகூடப் பதிப்புக்குப் பதிப்பு மாறும். கேள்வியின் தனித்துவமான பகுதியை மட்டும் எடுங்கள். ஆனால் ரொம்பவும் சுருக்கினால் உதவிச் செய்தியில் வரும் அதே சொல்லோடு பொருந்திவிடும்.

ஒரே வரியில் நீளமான சாவியோ சான்றிதழோ அனுப்பும்போது கவனம். லினக்ஸ் டெர்மினல் இயல்பான நிலையில் ஒரு வரிக்கு 4095 எழுத்துகளுக்கு மேல் ஏற்காது. மிச்சம் சத்தமில்லாமல் காணாமல் போகும். அதைக் கோப்பாகக் கொண்டுபோய் வைத்துவிட்டு, பாதையை மட்டும் அனுப்புங்கள்.

## அப்படியானால் எதை எடுப்பது?

முதலில் அரை மணி நேரம் மேனுவல் பக்கத்துக்கு. வழி 1 கிடைத்தால் மற்ற எதையும் பார்க்க வேண்டாம். எத்தனை ஆப்ஷன் சேர்த்தாலும் அது உரையாடலைவிட மலிவுதான். ஆப்ஷன் இல்லை, ஆனால் கேள்வி கேட்கும் புரோகிராம் உள்ளே செய்வது என்னவென்று தெரிகிறது என்றால், மரியாடிபியில் பார்த்ததுபோல அந்த வேலையை நேராகச் செய்யுங்கள். இரண்டும் முடியாது, மூடிய புரோகிராம், ஏதோ ஒரு நிறுவனத்தின் லைசென்ஸ் இன்ஸ்டாலர் என்றால் பெக்ஸ்பெக்ட். பைத்தானுக்கு இடமில்லை என்றால் எக்ஸ்பெக்ட், டைம்அவுட் தொகுதியோடு. அன்சிபிள் வைத்திருப்பவர்கள் பெக்ஸ்பெக்ட் ஸ்கிரிப்ட்டைத் தனியே எழுதிச் சோதித்துவிட்டு, அதை ஸ்கிரிப்ட் மாட்யூல் வழியாக ஓட்டுவதும் ஒரு வழி. பிழை வந்தால் தனியாக ஓட்டிப் பார்க்கலாம் என்ற வசதிக்காக, சிக்கலான உரையாடலுக்கு எங்கள் ஓட்டு இதற்குத்தான்.

எதை எடுத்தாலும் சர்வருக்கு அனுப்புமுன் மூன்று முறை வேண்டுமென்றே உடைத்துப் பாருங்கள். தவறான பாஸ்வேர்டோடு ஒருமுறை. புரோகிராமுக்குப் பதில், தெரியாத ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுக் காத்திருக்கும் நாலு வரி ஷெல் ஸ்கிரிப்ட்டை வைத்து ஒருமுறை. முதல் கேள்விக்கு முன் 40 விநாடி தூங்கும் ஸ்கிரிப்ட்டை வைத்து ஒருமுறை. மூன்றிலும் உங்கள் ஸ்கிரிப்ட் பூஜ்யமல்லாத எக்ஸிட் கோடோடு முடிய வேண்டும், லாக்கில் பாஸ்வேர்ட் இருக்கக் கூடாது. மூன்றில் ஒன்று பூஜ்யம் திருப்பினாலும் அது க்ரானுக்குப் போகத் தயாராகவில்லை.